38 வயசு லைன்மேனை எடுக்கலாமா? எடுக்கலாம், மார்ச்ல மட்டும் வேணாம்

எடுக்கலாம்ங்கிறதுதான் என் கட்சி. முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா எங்க தென்னாப்பிரிக்கா டர்பன் வாட்ஸப் குரூப்ல வருஷா வருஷம் இதே சண்டைதான் ஓடுது, அமெரிக்க ஃபுட்பால் லீக் என்எஃப்எல்ல ஆடுற ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் மறுபடியும் ஒரு வயசான டிஃபென்சிவ் லைன்மேனைக் கூட்டிட்டு வரணுமா வேணாமான்னு, ஒருத்தன் "கெழவனுக்கு எதுக்குடா காசு, காலேஜ்ல இருந்து ட்ராஃப்ட்ல எடுத்த பையன் பெஞ்சுல உக்காந்திருக்கான்"ங்கிறான், இன்னொருத்தன் "அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல"ங்கிறான். ஆளு யாரு, வயசு என்ன, போன வருஷம் எத்தனை சாக், இதெல்லாம் கேக்குறாங்க. எந்த மாசத்துல எடுக்கப் போறோம் (பெரிய கான்ட்ராக்ட் எல்லாம் மார்ச்ல போடுவாங்க, சீசன் ஆரம்பிக்குறது செப்டம்பர்ல), ஒரு மேட்ச்சுக்கு எத்தனை ஸ்னாப் (பந்தை எடுத்து ஆரம்பிக்குற ஒவ்வொரு ப்ளேயும் ஒரு ஸ்னாப்) ஆட விடப் போறோம், இத மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாங்க. என் கணக்குல மொத்த விஷயமும் அந்த ரெண்டுலதான் இருக்கு.

என்எஃப்எல் பாக்காதவங்களுக்கு ஒரு ரெண்டு வரி. எதிர் டீம் பந்தை எடுத்து ஆரம்பிக்குற கோட்டுக்கு நேர் எதிர்ல, கையைத் தரையில ஊனிக்கிட்டு நாலஞ்சு மலை மாதிரி ஆளுங்க நிப்பாங்க பாருங்க, அவங்கதான் டிஃபென்சிவ் லைன். ஓரத்துல நிக்குறவன் எட்ஜ், ஓடிப் போய் பந்தை எறியுற குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கணும். பிடிச்சுச் சாய்ச்சா சாக், பேப்பர்ல பேர் வரும். நடுவுல நிக்குற டேக்கிளுக்கு வேலை வேற, எதிர்ல கார்டும் சென்டரும் சேர்ந்து ஒரே நேரத்துல அவன் மேல பாய்வாங்க, ரெண்டு பேரும் ஆளுக்கு 140 கிலோ பக்கம், அவன் நகராம நிக்கணும், அவ்ளோதான் வேலை. நின்னா பின்னாடி இருக்குற லைன்பேக்கர் சுதந்திரமா வந்து பந்து வெச்சிருக்குறவனைச் சாய்ப்பான், பேரு அவனுக்குப் போகும்.

தென்னாப்பிரிக்காவுல இருந்துக்கிட்டு இதைப் புரிஞ்சுக்கறது ஈஸி, ஏன்னா ரக்பி ப்ராப், அதாவது முன்வரிசையில நின்னு எதிராளியைத் தள்ளுறவர், யாருன்னு இங்க குழந்தைக்குக் கூடத் தெரியும். நான் டர்பன் சாட்ஸ்வொர்த்ல பெரும்பாலும் ஒரு அண்ணா வீட்லதான் மேட்ச் பாப்பேன். அவங்க குடும்பம் நாலு தலைமுறையா நேட்டால்லயே இருக்கு, தமிழ் அவங்க ஆயா பேசிக் கேட்டது, பாதிக்கு மேல இங்கிலீஷ் கலந்துதான் வரும், ஆனா "தம்பி"ன்னு கூப்பிட்டா அதுல ஒரு கொறையும் இருக்காது. சின்ன வயசுல கிளப் ரக்பில டைட்ஹெட் ப்ராப் ஆடினவங்க, இன்னும் கழுத்து அப்படியே இருக்கு. அமெரிக்க ரூல் அவங்களுக்குப் பாதி தெரியாது, ஆனா லைன்ல நடக்குறத என்னை விட நல்லாப் பாப்பாங்க.

ஒரு ராத்திரி ரிமோட்டை வாங்கி ஒரே ப்ளேயை மறுபடி மறுபடி ஓட்டிக் காட்டினாங்க. "பந்தைப் பாக்காத தம்பி, இடுப்பைப் பாரு." இளம் டேக்கிள் மேல ரெண்டு பேரும் பாயுறாங்க, முதல் இடி பட்டதும் அவன் நெஞ்சு நிமிருது, நிமிர்ந்தா முடிஞ்சுது, குதிகால் புல்லைக் கிழிச்சுக்கிட்டே ரெண்டு கெஜம் பின்னாடி போயிட்டான். அடுத்த ப்ளேல அதே இடத்துல வயசான ஆளு. பந்து நகர்ந்ததும் இவர் கொஞ்சம் லேட்டாத்தான் எழுந்திருக்கார், அது கண்ணுக்கே தெரியுது, ஆனா கார்டோட தோள் பக்கவாட்டுல வர்றதுக்குள்ள இடுப்பைக் கீழ எறக்கிட்டார், ஒரு முட்டி கிட்டத்தட்ட தரையில, உள்ளங்கை சென்டரோட அக்குளுக்குக் கீழ போய் ஒட்டிக்கிச்சு. மூணு பேரும் அப்படியே குவிஞ்சு விழுந்தாங்க. ஓடி வந்தவனுக்கு வழி இல்ல, அரை கெஜத்துல முடிஞ்சுது. கணக்குப் புத்தகத்துல வயசான ஆளுக்கு ஒண்ணுமே கிடையாது, டேக்கிள் கூட அடுத்தவன் பேர்ல. "இது ஜிம்ல வராது"ன்னாங்க அண்ணா, ரிமோட்டைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.

சரி, அப்ப வயசானா என்ன போகும்? முதல் அடி போகும். பந்து அசைஞ்ச அந்தக் கண நேரத்துல பாயுற வேகம். ஓரத்துல ஆடுற எட்ஜ் ஆளுக்கு அதுதான் சோறு, அதனால அவன் சீக்கிரம் தேய்வான். நடுவுல நிக்குறவனுக்கு அது போனாலும் கையும் இடுப்பும் கொஞ்ச காலம் காப்பாத்தும். ரெண்டாவதா போறது, அதுதான் முக்கியம், திரும்பத் தேறி வர்ற சக்தி. 20 ஸ்னாப் நல்லா ஆடுறவர் 50 ஸ்னாப் ஆடுனா கடைசி 15ல அவர்தான் ஓட்டை. ஞாயித்துக்கெழமை ஆடி அடுத்த வியாழக்கெழமை மறுபடி ஆடணும்னா 25 வயசுப் பையனுக்கே உடம்பு கெஞ்சும், 36 வயசுக்குச் சொல்லவே வேணாம்.

இப்ப 2022க்கு வரேன், ஏன்னா குரூப்ல ரெண்டு கட்சியும் இதத்தான் உதாரணமா தூக்கிட்டு வருது. அந்த வருஷம் ஈகிள்ஸ் 8-0, முதல் எட்டு மேட்ச்சும் ஜெயிச்சிருந்தாங்க. நவம்பர் 14 திங்கக்கெழமை ராத்திரி வாஷிங்டன் கூட மேட்ச், இங்க செவ்வாய் விடியக்காலை மூணே கால், லோட்ஷெட்டிங் (கரண்ட் கட்) உச்சத்துல இருந்த காலம், இன்வெர்ட்டர்ல டிவியும் ரவுட்டரும் மட்டும் போட்டுக்கிட்டு இருட்டுல பாத்தது. அன்னைக்கு வாஷிங்டன் பந்தை எடுத்துக்கிட்டு 49 தடவை ஓடினாங்க. பெருசா ஒண்ணும் இல்ல, மூணு கெஜம், நாலு கெஜம், ரெண்டு கெஜம், மறுபடி மூணு. கிட்டத்தட்ட 40 நிமிஷம் பந்து அவங்ககிட்டயே இருந்துச்சு, 60 நிமிஷ ஆட்டத்துல. 32-21 தோல்வி. நடுவுல நிக்க வேண்டிய முதல் வருஷப் பையன் ஜோர்டன் டேவிஸ் கணுக்கால் காயத்துல வெளிய, நின்னவங்களைத் தள்ளிக்கிட்டே போயிட்டாங்க.

ஈகிள்ஸ் ஜெனரல் மேனேஜர் ஹோவி ரோஸ்மேன் ரெண்டு நாள் கழிச்சு லின்வல் ஜோசஃபை எடுத்தார், 34 வயசு. மறுநாள் எண்டாமுகன் சூ, 35. ரெண்டு பேரும் அந்த சீசன்ல அது வரைக்கும் எந்த டீம்லயும் இல்ல, வீட்ல இருந்தாங்க. அந்த ஞாயித்துக்கெழமையே இண்டியானபோலிஸ்ல ஆடினாங்க, 17-16 ஜெயிச்சோம், டீம் லீக் ஃபைனலான சூப்பர் பவுல் வரைக்கும் போச்சு. அந்த சீசன்ல மொத்தம் 70 சாக், அதுல இவங்க ரெண்டு பேர் பங்கு ரொம்பக் கம்மி, ஆனா இவங்களை எடுத்தது அதுக்கு இல்லையே. நடுவுல அந்த ஓட்டை அடைஞ்சுது, ஓரத்துல இருந்த பசங்க மூச்சு வாங்கிக்கிட்டு வந்து பாஞ்சாங்க.

எதிர்க்கட்சி என்ன சொல்லுது? "சூப்பர் பவுல்ல என்ன ஆச்சு"ங்குது. நியாயம்தான். 70 சாக் போட்ட டீம் அன்னைக்கு எதிர் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஒரு தடவை கூடச் சாய்க்கல, கான்சஸ் சிட்டி ஓட்டத்துலயே 158 கெஜம், 38-35 தோத்தோம். புல் வழுக்குச்சுங்கிறது ஒரு பக்கம். ரெண்டு வருஷம் கழிச்சு அதே கான்சஸ் சிட்டியை 40-22 அடிச்சப்போ ஆறு சாக், அடிச்சவங்க ஜோஷ் ஸ்வெட், மில்டன் வில்லியம்ஸ் மாதிரி அப்போ இருபதுகள்ல இருந்த பசங்க, நடுவுல 2023 ட்ராஃப்ட்ல ஒன்பதாவது பிக்ல எடுத்த ஜேலன் கார்ட்டர் ரெண்டு பேரை இழுத்துக்கிட்டே இருந்தான். ஆக கோப்பை இளசுங்க வாங்கிக் குடுத்தது, மறுக்கல. ஆனா 2022 நவம்பர்ல கார்ட்டர் காலேஜ்ல ஆடிக்கிட்டு இருந்தான். அந்த வாரத்துல ரோஸ்மேன் கையில இருந்தது என்ன, வீட்ல உக்காந்திருந்த ரெண்டு பெரியவங்க, இல்லைன்னா பிராக்டிஸுக்குன்னு வெச்சிருக்குற ஸ்குவாட்ல எவனோ ஒரு பையன். வேற யாரைக் கூட்டிட்டு வந்திருப்பீங்க சொல்லுங்க.

மார்ச் ஏன் வேணாம்ங்கிறதுக்கு ஒரே ஆளை வெச்சே சொல்றேன், வான் மில்லர். எட்ஜ் ஆளுதான், இருந்தாலும் கணக்குப் பொருந்தும். 2021 நவம்பர்ல, 32 வயசுல, ராம்ஸ் அவரை டென்வர்கிட்ட இருந்து சீசன் நடுவுல வாங்கினாங்க, ட்ராஃப்ட்ல ரெண்டாவது ரவுண்டு மூணாவது ரவுண்டு பிக் (ஆள் எடுக்குற வாய்ப்பு) குடுத்து. ப்ளேஆஃப்ல நாலு சாக், அதுல ரெண்டு சூப்பர் பவுல்லயே, கோப்பை கையில. அடுத்த மார்ச்ல பஃபலோ அதே ஆளுக்கு ஆறு வருஷம், 12 கோடி டாலர் வரைக்கும் போகக்கூடிய கான்ட்ராக்ட். நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் அன்னைக்கு முட்டி போச்சு. 2023 ரெகுலர் சீசன்ல சாக் கணக்கு சுழி. ஆளு மாறல, ஒரே வருஷ வித்தியாசம், ஒருத்தங்க வாடகைக்கு எடுத்தாங்க, இன்னொருத்தங்க பத்திரப் பதிவே பண்ணிட்டாங்க.

ஜேஜே வாட்டும் அப்படித்தான், 2021 மார்ச் ஒண்ணாந்தேதி அரிசோனா ரெண்டு வருஷத்துக்கு எடுத்தாங்க, 2 கோடியே 30 லட்சம் டாலர் கேரண்டி. டீம் 7-0 ஆரம்பிச்சுது, ஏழாவது மேட்ச்லயே தோள் போச்சு, ப்ளேஆஃப்ல திரும்பி வந்தும் ராம்ஸ் 34-11 அடிச்சு அனுப்பிட்டாங்க. அடுத்த வருஷம் 12.5 சாக் போட்டு ராஜா மாதிரி ரிட்டயர் ஆனார், ஆனா டீம் 4-13. நல்ல ஆட்டம் வந்தப்போ டீம் இல்ல, டீம் இருந்தப்போ ஆட்டம் இல்ல. முன்கூட்டியே காசு கட்டினா இந்த ரிஸ்க் நம்ம தலையில.

லீக் ரூலும் லேட்டா எடுக்குறவனுக்குத்தான் சாதகம். நாலு வருஷமாவது ஆடின ஆளு முதல் வார ரோஸ்டர்ல (டீம் பட்டியல்ல) இருந்தா, நடுவுல அனுப்பிட்டாலும் அந்த வருஷ பேஸ் சம்பளத்தைக் கேக்க அவருக்கு உரிமை உண்டு, அதனாலதான் முதல் மேட்ச் முடிஞ்ச கையோட பல பழைய பேரு திடீர்னு டீம்ல சேருது. மார்ச் ஏப்ரல்ல அடுத்த டீமோட ஃப்ரீ ஏஜென்ட்டை (கான்ட்ராக்ட் முடிஞ்ச ஆளை) எடுத்தா, நம்ம ஆளு வெளிய போனதுக்கு ஈடா நமக்கு வர வேண்டிய கம்பென்சேட்டரி பிக் கணக்குல அடி விழும், ட்ராஃப்ட் முடிஞ்சப்புறம் அந்தக் கெடு தாண்டிட்டா விழாது. ஈகிள்ஸ் மாதிரி அந்த பிக்குகளைச் சேத்து வெச்சு ட்ராஃப்ட் பண்ற டீமுக்கு அது சும்மா விஷயம் இல்ல. சம்பளத்தையும் பாருங்க, ஏழு வருஷமாவது ஆடினவருக்கு 2025ல மினிமம் 12 லட்சத்து 55 ஆயிரம் டாலர், ஒரு வருஷ டீலா போட்டா சேலரி கேப்ல (டீமோட சம்பள உச்சவரம்புல) அதை விடக் கம்மியாத்தான் ஏறும். அந்த வருஷம் மொத்த கேப் 27 கோடியே 92 லட்சம். அதுல இது எங்க இருக்குன்னு தேடணும்.

2025லயே ஈகிள்ஸ்ல இது ரெண்டு பக்கமும் நடந்துச்சு. கவ்பாய்ஸ் கூட முதல் மேட்ச் முடிஞ்ச மறுநாள் ஸடேரியஸ் ஸ்மித்தை ஒரு வருஷத்துக்கு எடுத்தாங்க. அஞ்சு மேட்ச் ஆடினார், அக்டோபர்ல போதும்னு ரிட்டயர்மென்ட் சொல்லிட்டுப் போயிட்டார், 33 வயசு. குரூப்ல ஒரே கொண்டாட்டம், "பாத்தியா, நான் சொல்லல"ன்னு. எனக்கு அதுல கொண்டாட ஒண்ணும் தெரியல, ஒரு வருஷ டீல், நாலஞ்சு வருஷத்துக்கு கேப்ல இழுத்துக்கிட்டுக் கிடக்காது. அந்த இடத்துக்கு வந்தது யாரு, அதே வருஷம் மார்ச்ல ரிட்டயர் ஆன பிராண்டன் கிரஹாம், 37 வயசு. 2018 சூப்பர் பவுல்ல எதிர் குவார்ட்டர்பேக் பிரேடி கையில இருந்து பந்தைத் தட்டி விட்ட அதே ஆளு. அவரைக் கேலி பண்ண குரூப்ல எவனுக்கும் வாய் வரல.

இந்த ஊர்ல வயசைப் பத்திப் பேசுனா யாராவது ஒருத்தர் கேரி ஆண்டர்சனை இழுப்பாங்க. டர்பன்ல வளர்ந்தவர், அமெரிக்கா போய் என்எஃப்எல் கிக்கர் (பந்தை உதைக்க மட்டும் வர்ற ஆளு) ஆனார், 23 சீசன், 2004ல டென்னசிக்கு 45 வயசுல ஆடினார், 1998ல சீசன் முழுக்க ஒரு ஃபீல்ட் கோல் கூட விடாம அடிச்சுட்டு சூப்பர் பவுலுக்கு முந்தின கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல ஒண்ணை விட்டவர். எங்க ஊர்ப் பெருமைதான், ஆனா இந்த வாதத்துல செல்லாது. கிக்கர் மேல யாரும் பாயுறது கிடையாது சாமி. மேல பாஞ்சா பெனால்டி கொடி விழும்.

லைன்மேனுக்குச் சரியான ஜோடி ரக்பி ஃப்ரண்ட் ரோ (முன்வரிசை) தான். தென்னாப்பிரிக்கா ப்ராப் ஆஸ் டு ராண்ட் 1995 உலகக் கோப்பையும் ஜெயிச்சார், நடுவுல காயத்துல ஆட்டத்தையே விட்டுட்டு, திரும்பி வந்து 2007லயும் ஜெயிச்சார், அப்போ 35. 2023 ஃபைனல்ல இன்னும் ஒரு படி மேல, ஆரம்பிச்சு மூணு நாலு நிமிஷத்துல முன்வரிசை நடுவுல நிக்குற ஹூக்கர் போங்கி எம்போனாம்பி காயத்துல வெளிய போக, 37 வயசு டியான் ஃபூரி உள்ள வந்து கடைசி வரைக்கும் நின்னார், நியூசிலாந்தை 12-11 ஜெயிச்சோம். அவர் பொறந்தது 1986 செப்டம்பர். கெலேஸ் காம்ப்பெல்னு ஒரு என்எஃப்எல் லைன்மேன், அவரும் 1986 செப்டம்பர். எனக்கு இந்தப் பொருத்தம் ரொம்பப் பிடிக்கும்.

ஆனா ரக்பில வெளிய போனா போனதுதான், காயம் மாதிரி சில விதிவிலக்கு தவிர திரும்ப உள்ள வர முடியாது. அதனால தென்னாப்பிரிக்கா கோச் ராசி எராஸ்மஸ் பாம் ஸ்குவாட்னு பெஞ்சுலயே ஒரு ஃபார்வர்ட் படையை வெச்சு பாதி ஆட்டத்துல மொத்தமா மாத்த வேண்டியிருக்கு. என்எஃப்எல்ல ஒவ்வொரு ப்ளேக்கும் ஆளை மாத்தலாம், எத்தனை தடவை வேணும்னாலும். ஒருத்தரை முதல் டவுன்ல (டவுன்னா ஒரு முயற்சி) மட்டும், கோல் லைன்ல மட்டும், மூணாவது டவுன் ஒரு கெஜம்னா மட்டும்னு எண்ணி எண்ணி விடலாம். 36 வயசு ப்ராப்பை 80 நிமிஷம் நிறுத்தறது வேற, 36 வயசு நடு டேக்கிளை 20 ஸ்னாப் நிறுத்தறது வேற. இதைச் சொன்னதும் எங்க அண்ணாவுக்கே பொறாமை, "அப்படி ஒரு ரூல் இருந்திருந்தா நான் இன்னும் ஆடிக்கிட்டு இருப்பேன்"னாங்க.

காம்ப்பெல் இதுக்கு நல்ல உதாரணம். 2008ல அரிசோனா எடுத்தாங்க, அப்புறம் ஜாக்சன்வில், பால்டிமோர், அட்லாண்டா, மயாமி, 2025ல மறுபடி அரிசோனாவே. மயாமில 2024ல 38 வயசுல 5 சாக். 6 அடி 8 அங்குலம், கை நீளம், உயரத்துக்கு எங்க வயசாகுது. ஜூலியஸ் பெப்பர்ஸ் 2017ல சொந்த ஊர் கரோலினாவுக்குத் திரும்பி 37 வயசுல 11 சாக். ட்வைட் ஃப்ரீனி 2015 அக்டோபர்ல அரிசோனாவுக்கு வந்து 11 மேட்ச்ல 8. இதெல்லாம் பளிச்சுன்னு இருக்குற பக்கம். ரெஜி வைட் 1998ல 16 சாக் போட்டு சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது வாங்கினவர், ஒரு வருஷம் ஓய்வெடுத்துட்டு 2000ல கரோலினாவுல திரும்பி வந்தப்போ 5.5 தான். ப்ரூஸ் ஸ்மித் 200 சாக்குங்கிற ரெக்கார்டுக்காக 40 வயசு வரைக்கும் வாஷிங்டன்ல ஆடினார், ரெக்கார்டு கிடைச்சுது, அந்த 2003 டீமுக்கு என்ன கிடைச்சுதுன்னு கேட்டா 5-11. ஆளுக்கு ஒரு நோக்கம், டீமுக்கு ஒரு நோக்கம்னு இருந்தா அந்த டீல் வேணவே வேணாம்.

"லாக்கர் ரூம் தலைமை"ங்கிற பேச்சு எனக்கு அலர்ஜி, சொல்லிடறேன். அதுக்கு கோச் இருக்காங்க, சம்பளமும் வாங்கறாங்க. கையை எங்க வெக்கறது, எதிர் கார்டு கால் பாதத்தை எப்படித் திருப்பினா எந்தப் பக்கம் இழுக்கப் போறான், இந்த மாதிரி சில்லறை விஷயம் பக்கத்து லாக்கர்ல உக்காந்தவர் சொன்னா பசங்க மண்டைல ஏறும், அவ்ளோ வரைக்கும் ஒத்துக்கறேன்.

பையனோட ஸ்னாப் போயிடும்ங்கிறாங்களே, அதுக்குத்தான் எனக்கு முழு பதில் இல்லாம இருக்கு. இளம் டேக்கிள் தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டுத்தான் கத்துக்கணும், வேற வழி கிடையாது. 4-9ல கிடக்குற டீம் 36 வயசு ஆளை எடுத்து நிறுத்தினா அது சுத்த வேஸ்ட், அந்த ஸ்னாப் எல்லாம் பையனுக்குப் போகணும், அவன் கேவலமா ஆடினாலும் பரவாயில்ல. ஜெயிச்சுக்கிட்டு இருக்குற டீமுக்கு அந்தச் சலுகை கிடையாது, ஒரே ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சு 49 தடவை அதுலயே ஓடுவாங்க, பாத்தோமே.

அதனால குரூப்ல கேக்குறவங்களுக்கு என் பதில் இதுதான், ஈகிள்ஸ் இப்போதைக்கு யாருக்கும் போன் பண்ண வேணாம். கேம்ப்ல பசங்களை ஆட விடட்டும். ரெண்டு பெரியவங்க பேரைக் குறிச்சு வெச்சுக்கட்டும், எடை ஏறாம இருக்காங்களா, முட்டி எப்படி இருக்குன்னு யாராவது போய்ப் பாத்துட்டு வரட்டும். அக்டோபர்ல டேக்கிள் ஒருத்தன் காயத்துல போனா அன்னைக்கு ராத்திரியே டிக்கெட் போடட்டும், ஒரு வருஷம், மினிமம், 20 ஸ்னாப், புதன்கெழமை பிராக்டிஸ் லீவு. நவம்பர் வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னா அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடலாம்.